மூச்சு வாங்குது

"தொட முடியலீங்க, அப்படிக் கொதிக்குது. மூச்சு வேற வாங்குது!" போனில் பாலகுமாரின் குரல் பதறியது.

"ஐயோ! எப்ப இருந்துங்க?" என்றாள் எதிர்முனைப் பெண்.

"காலையில இருந்துங்க. கொஞ்ச நேரம் ஓடுது, பொசுக்குனு நின்னுடுது."

"ஓடுதா?"

"கம்ப்ரசருங்க. உங்க கம்பெனி பிளாஸ்மா கட்டருக்குள்ள காத்தடிக்குமே, அது."

எதிர்முனையில் டிவி சத்தம் குறைந்தது. "சொல்லுங்க" என்றாள் பிறகு.

பாலகுமார் நீலகிரி மலையில், சேரங்கோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கூட வேலை பார்த்த தினகரன் திருப்பூருக்குப் போனபின் தனி ஆள். முந்தைய இரவு யானை ஒன்று ரேஷன் கடை ஷட்டரைப் பிய்த்து அரிசியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. இருட்டுவதற்குள் இரும்புத் தகடு வெட்டி அடைக்காவிட்டால் மறுபடி வரும். கடையை ஒட்டியே எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள், கைக்குழந்தைகள்.

அந்த நேரம் பார்த்துத் தகடு வெட்டும் இந்தப் பிளாஸ்மா கட்டர் மக்கர் பண்ணியது. அதன் முதுகில் பாதி அழிந்துபோயிருந்த சர்வீஸ் நம்பரைக் கண்ணைச் சுருக்கிப் படித்து அழைத்திருந்தான்.

"மெஷினை எங்க வச்சிருக்கீங்க?"

"மூலையிலங்க. சாரல் அடிக்குதுன்னு சுவரோட தள்ளிட்டேன்."

"மேல ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?"

"சாக்குங்க."

"மூஞ்சியில சாக்கைப் போட்டா நமக்கே மூச்சு முட்டுமுங்களே. காத்து உள்ள போற வழியையும் பாருங்க."

சுவிட்சை அணைத்து, சாக்கை உருவி, மெஷினை நடுவே இழுத்தான். பக்க மூடியைக் கழற்றினால், ஃபில்டர் முழுக்க இரும்புத் தூசி ஈரத்தில் அப்பிக் கிடந்தது. தட்டித் துடைத்து மாட்டினான்.

"நல்லா ஆறட்டுமுங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

எங்கோ குக்கர் விசிலடித்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டீங்களா?"

அவனுக்கு என்னவோ போலிருந்தது. தினகரன் போனபின் அப்படி யாரும் அவனைக் கேட்டதில்லை. விடாத மழையை, யானையை, டீக்கடைகூடத் திறக்காத தெருவைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். அவள் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெஷின் ஆறியது. சுவிட்சைப் போட்டதும் நீலத் தீ சீறிக்கொண்டு கிளம்பியது. ஒரு தகடு முழுக்க வெட்டிய பிறகும் கம்ப்ரசர் நிற்கவில்லை. அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான்.

பொழுது சாய்கையில் ஷட்டர் இரும்பாக நின்றது. லயன் வீட்டுப் பெண்கள் குழந்தைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறைக்குத் திரும்பியவனுக்கு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதே நம்பருக்கு அழைத்தான்.

"அடைச்சாச்சுங்க! உங்க பேரு சொல்லுங்க. உங்க மேனேஜர்கிட்ட நல்லபடியா சொல்லணும்."

"ரேணுகா" என்றாள்.

"அப்படியே மேனேஜர் நம்பரும் குடுங்க."

"மேனேஜர்னு யாருமில்லீங்க. நீங்க கூப்பிட்டது ராங் நம்பருங்க… எனக்குத்தான் வைக்க மனசு வரல."