எரிகோ வழியில் இன்னொருவர்

எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில், இயேசு பார்வை கொடுக்கும் எரிகோ காட்சிக்கு எப்போதும் ஒரே குருடன்தான். அது கண் தெரிந்த இன்னாசி போடும் வேடம். பிறவியிலேயே பார்வை இல்லாத என் அப்பா இந்த வருஷம் தானும் நடிக்க வேண்டும் என்று கேட்டார்.

"பைபிள்ல மாற்கு எழுதுனதுல ஒருத்தரு, லூக்கா எழுதுனதுல ஒருத்தரு. ரெண்டாவது ஆளுக்கு ஏது மச்சான் இடம்?" என்றார் நாடகத்தை நடத்தும் ஞானப்பிரகாசம்.

நான் பைபிளில் மத்தேயு நற்செய்தியைத் திறந்து அவர் முன் நீட்டினேன். அதே ஊர், அதே கூட்டம். குருடர் மட்டும் இருவர். அவர் இரண்டு முறை படித்தார்.

"சரி. பார்வை வந்த மாதிரி நடிக்கணுமே, என்ன செய்வீக?"

"வந்தவுக என்ன செய்வாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏத்தி விடுங்க மாப்ள, பாத்துக்கலாம்" என்று அப்பா சிரித்தார்.

மேடையில் இயேசு இருவர் கண்களையும் தொட்டார். இன்னாசி வழக்கம்போலக் குதித்தார், வானத்தைப் பார்த்தார், கூட்டத்துக்குக் கையசைத்தார். அப்பா குதிக்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி இயேசுவின் முகத்தைத் தேடிப் பிடித்தார். நெற்றி, புருவம், ஒட்டுத்தாடி என்று விரல்களால் நிதானமாகத் தடவி முடித்தார்.

"நீர்தானா?" என்றார்.

அது வசனத்தில் இல்லை. இயேசுவுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

வீடு திரும்பும்போது எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் வாதாடிக்கொண்டே போனார்கள்.

"இன்னாசிக்கு மட்டுந்தான்டி பார்வை வந்துச்சு."

"போடி, ரெண்டு பேருக்கும் வந்துச்சு. நான் பாத்தேன்."

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அவர்களை முந்திவிடாதபடி நடையைக் குறைத்தேன்.