சாவி திருப்பினால் டக்

கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தபோது போன் அடித்தது.

"மெக்கானிக் அண்ணனா? பிக்கப் வண்டிண்ணே. சாவியைத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. கண்ணாடியில உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு."

நான் கை வைத்த வண்டிகளில் எல்லாம் என் நம்பரை ஒட்டிவிடுவது வழக்கம்.

"கால் உடைஞ்சு கிடக்கேன் தம்பி. வேற ஆளைப் பாரு."

"பொண்டாட்டிக்கு இடுப்பு வலி எடுத்திடுச்சுண்ணே. இங்க ஒரு ஈ காக்கா இல்ல. கைவிட்டுடாதீங்க."

எழுந்து ஓடவும் வழியில்லை.

"பதறாதே. ஹெட்லைட்டைப் போடு. எரியுதா?"

"பளிச்சுன்னு எரியுது."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் சண்டித்தனம் பண்ணுது. ஸ்பேனரால அது தலையில ரெண்டு போடு."

"போட்டேன். ம்ஹூம்."

"கொசுவையா அடிக்கிற? ஓங்கிப் போடுப்பா!"

டங்கென்று கேட்டது. அடுத்த நிமிடம் இன்ஜின் உறுமியது.

"தெய்வம்ணே நீங்க!"

"புள்ள பொறந்ததும் ஒரு போன் போடு" என்றேன். படுத்த இடத்திலிருந்தே ஒரு உயிருக்கு உதவிவிட்ட நிம்மதியில் கண்ணை மூடினேன்.

பட்டறையைப் பெருக்கப் போயிருந்த மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நம்ம பிக்கப்பைக் காணோம்ங்க! சோறு போட்டுட்டு இருந்த ஒரே வண்டி... சாவியை எங்க வெச்சீங்க?"

வண்டியிலேயேதான் விட்டிருந்தேன். எங்கே தட்டினால் கிளம்பும் என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்ற தைரியம்தான்.