பெயரைச் சொல்லுங்கள்

ஹாம்பர்க் வழக்கறிஞர் டாக்டர் கெஸல்ரிங், தன் சாமர்த்தியத்தைக் கட்சிக்காரரும் கேட்கட்டும் என்று தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். எதிரே பட முதலாளி ஷ்டௌஃபர் கேக் தின்றுகொண்டிருந்தார். அவர் படம் தியேட்டரில் ஓடவில்லை. அதை நெட்டில் திருட்டுத்தனமாக இறக்கியவர்களுக்குக் கெஸல்ரிங் அனுப்பும் மிரட்டல் கடிதங்களில் வந்ததுதான் அதன் வசூல்.

"டெப்பே அம்மா, படத்தைத் திருட்டுத்தனமா இறக்கியிருக்கீங்க. ஆயிரம் யூரோ கட்டணும்."

"அது என் குளிர்கால வரும்படி முழுசுங்க ஐயா. எனக்கு அந்த நெட்டுப் பெட்டியை அணைக்கக்கூடத் தெரியாது. நீங்க சொல்ற அன்னிக்கு என் விடுதியில தங்கினது ஒரே ஆளு."

ஷ்டௌஃபரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "பாவம் டாக்டர், விட்டுடுங்க."

"விடுறதாவது. நெட் இணைப்பு உங்க பேர்ல இருக்கும்மா. ஆளைச் சொல்லுங்க, இல்லேன்னா நீங்க கட்டுங்க."

"தங்கினவங்களைக் காட்டிக் கொடுக்கறது மரியாதை இல்லீங்களே."

"பிஷப்பா இருந்தாலும் சொல்லுங்க."

"ஷ்டௌஃபர்னு ஒருத்தர். தான் எடுத்த படமாம், நெட்டுல இறக்கிப் பார்த்தாரு, பாதியிலேயே குறட்டை. காலையில நெட்டு மந்தம்னு வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை வேற."

 கெஸல்ரிங் அச்சடித்து வைத்திருந்த மிரட்டல் கடிதம் ஒன்றை உருவி, பேனாவைத் திறந்தார்.

"விலாசம் பழையதுதானே, ஷ்டௌஃபர்?"