அருவியில் இன்று

"கூகுள்ல முதல்ல வாற பதிவை எடுத்துரணும்மா" என்றார் காந்திமதிநாதன்.

அபி சிரித்தாள். தென்காசியில் இணையதளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது அவள் தொழில். குற்றாலம் சீசன் பற்றி ஊர்க்காரர்கள் எழுதும் அவருடைய இணைய மன்றத்துக்கும் அவள்தான் வேலை பார்த்தாள்.

"முதல்ல வரணும்னுதானே ஒரு வருசமா அலைஞ்சிய அண்ணாச்சி? பழைய பதிவுக்குத் தினமும் புதுத் தேதி போடச் சொன்னேன்லா, அதான் வேலை செஞ்சிருக்கு!"

திரையில் அந்தப் பதிவைக் காட்டினாள்: 'அருவியில் இன்று தண்ணீர் அளவாக விழுகிறது. பயமில்லாமல் குளிக்கலாம்.'

"மூணு வருசத்துக்கு முந்தி நான் எழுதுனது" என்றார்.

"இருக்கட்டுமே. யாரும் குறை சொன்னாங்களா?"

"பெங்களூர்லேருந்து மகன் வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல, நான் தூங்குதேன்னு எழுப்பாம, கூகுள்ல பாத்துட்டுக் குளிக்கப் போயிருக்கான். எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பேன். வெள்ளம் அவன அடிச்சிட்டுப் போயிட்டும்மா."

அபியின் கை மவுஸை விட்டது.

"கரையில கிடந்த அவன் போன்ல இந்தப் பதிவுதான் திறந்திருந்துச்சு. அன்னைக்குத் தேதியோட. முந்தின நாள் படுக்கும்போதே மறுநாள் தேதியா நான் மாத்தி வச்சது."