பச்சைக் கோடு

"சிவப்புல வெட்டுறாங்க! ஐயோ, சிவப்புல வெட்டுறாங்க!"

ரோஸ்மேரி டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டினாள்.

உள்ளே அவள் கணவர் கஸ்பார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூட்டுக்கடை வைத்திருப்பவர். பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் ஆபரேஷன். நடப்பதெல்லாம் வெளியே டி.வி.யிலும் தெரியும்.

இன்றைக்குக் கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் வேறு. கேமரா காட்டும் படத்தைப் பார்த்து, டாக்டருக்கு அதுவே வழி சொல்லுமாம். இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் பாண்டியராஜ் வருஷக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கியது.

"பச்சைக் கோடு விழுற குழாயை வெட்டலாம் டீச்சர். சிவப்புக் கோடு விழுந்தா அது ஈரலோட குழாய். அதுல கத்தி படவே கூடாது" என்று காலையில் அவர்தான் விளக்கினார்.

கஸ்பாருக்கு அரை மனசுதான். "கம்ப்யூட்டரே சொல்லுதாம்ல, பயப்படாம போங்க" என்று அனுப்பி வைத்தது ரோஸ்மேரி.

அந்தச் சிவப்பில்தான் இப்போது வெட்டு விழுந்தது. பச்சைக்குக் கிட்டத்தில் போன கத்திரி சட்டென்று நின்று, செத்த நேரம் அசையாமல் கிடந்து, அப்புறம் சிவப்புக்குள் போய்... நறுக்!

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சத்தம் போடாதீங்கம்மா!" டி.வி.யை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மதினி, உக்காருங்க. மாதா கைவிட மாட்டா" என்றாள் கஸ்பாரின் தங்கை இன்னாசியம்மாள். சொல்லிக்கொண்டே ஜெபமாலையை உருட்டினாள்.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு இன்னாசி. நான்தான் கேக்கல..."

எவ்வளவு நேரம் போனதோ. கதவு திறந்தது. டை கட்டிய இரண்டு பேர் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்க் கார் ஏறினார்கள். பின்னாலேயே கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு பாண்டியராஜ்.

ரோஸ்மேரி வழியை மறித்தாள்.

"நில்லுங்க சார்! உங்க பெட்டியைச் சோதிச்சுப் பாக்க என் புருஷன்தான் கெடைச்சாரா? சிவப்புல வெட்டும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சாருக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நல்லா இருக்காரு." அவ்வளவுதான் சொன்னார். ஒதுங்கிப் படியிறங்கிப் போய்விட்டார்.

"மொகத்தைப் பாத்துப் பேச முடியுதா பாருங்க!" என்றாள் இன்னாசியம்மாள்.

டாக்டர் வந்தார். "பயப்படாதீங்க டீச்சர். நாளைக்கு உங்க வீட்டுக்காரர் இட்லி கேப்பார்."

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்த கையோடு கேட்டாள்.

"பின்ன ஏன் டாக்டர் சிவப்புல வெட்டுனீங்க?"

"உள்ள ஒரே வீக்கம். கேமரா திரும்பினதும் கம்ப்யூட்டர் ரெண்டு குழாயையும் மாத்திக் காட்டிருச்சு. நானும் பச்சையை நம்பிப் போயிட்டேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா ஈரல் குழாய் துண்டாகியிருக்கும்."

"அந்த வாத்தியாரைச் சும்மா விடாதீங்க டாக்டர்! நானும் நல்லா நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்பியிருக்கேன்."

டாக்டர் திடுக்கிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"'வெட்டாதீங்க சார், என் கோடு தப்பு!'னு கத்தினதே அவர்தான் டீச்சர். மெஷினை விலை பேச வந்த கம்பெனிக்காரங்க ரெண்டு பேரும் அப்ப அவர் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க."