மீனுக்குச் சொன்ன ஸலாம்

ஐம்பத்தேழாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, மருதமுனையில் மீராமுகைதீன் மரைக்காரின் முன்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: வீட்டுக்காரரான மரைக்கார், சாய்ந்தமருதிலிருந்து வந்த அதாவுல்லா, இருவருக்கும் உறவான மஜீட். அறைவாசலில் திரையாகத் தொங்கிய சேலைக்குப் பின்னால் மரைக்காரின் மனைவி சபூறா நின்றாள். வேறு எவரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்பவேண்டாம்.

அதாவுல்லா கலியாண நாள் குறிக்க வரவில்லை. மகள் றாபியாவை மரைக்காரின் மகன் பளீலுக்குத் தருவதாகச் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்க வந்திருந்தார். அவருக்கு வைத்த தேத்தண்ணி தொடப்படாமலே ஆறிக்கொண்டிருந்தது.

சபூறா சேலையோரம் காதை வைத்தாள். மகன் பளீல் கொழும்பு வானொலியில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவன். எழுதுவது, தயாரிப்பது, பாட்டுக்கு இடையில் பேசுவது எல்லாம் அவனே என்று கல்முனைத் தேத்தண்ணிக் கடைகள் முழுக்கப் பேச்சு. அந்த உத்தியோகத்தைக் கேட்டதுமே முன்பு வந்த சம்பந்தங்கள் கைவிட்டுப் போயின. இதுவும் போனால் இன்னொன்று வருமென்று அவளுக்கு நம்பிக்கையில்லை.

"பாட்டுப் போடுற பொடியன் எண்டு தெரிஞ்சுதானே காக்கா சம்மதிச்ச நீங்க?" என்று அதாவுல்லாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் மஜீட்.

"பாட்டோட எனக்கென்ன கோவம்? இடையில சொன்ன கதைதான். கேளு. 'சாய்ந்தமருதில் ஒரு பெரியவர். சந்தையில் மீனின் வாயைத் திறந்து பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விலையைக் கேட்டதும் மீனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.' அதுக்குப் பொறகு ஒரு பிரிவுப் பாட்டு."

மஜீட் இருமினார். இருமல் நிற்கச் சற்று நேரமானது.

"பேர் சொல்லல்லையே காக்கா."

"பேர் வேற சொல்லணுமா? இப்ப நான் சந்தைக்குப் போனா, மீன்காரனுகள் மீனத் தூக்கிப் புடிச்சிட்டு, பதில் ஸலாம் சொல்றானுகள்." அதாவுல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் மீனுக்குச் சொல்லல்ல. மீன்காரனுக்குத்தான் சொன்ன."

"மீன்காரன் அப்ப தராசு எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தானே," என்றார் மரைக்கார்.

"அது ஒங்களுக்கு ஆர் சொன்ன மரைக்கார்?"

"ஊர் முழுக்கக் கதைக்கிறதானே."

சபூறா சேலை இடுக்கால் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிரித்துக் கண்டவர்கள் ஊரில் இல்லை. வானொலிப் பெட்டி தன் வாசல் தாண்டக்கூடாது என்று பள்ளிவாசலில் வைத்தே சொன்ன மனிதர். மகனுக்காக இறங்கிப் பேசுவாரா?

"பொடியன் வந்து மாப்புக் கேட்டா?" என்றார் மஜீட்.

"கலியாணம் முடிஞ்சா நம்மட வழமப்படி என்ட வீட்டுலதானே வந்து இரிக்கப்போறான். நான் சோறு தின்னுறது, வெத்தில துப்புறது, கொறட்ட விடுறது, ஒண்டும் மிஞ்சாது. எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து எழுதுவான். இலங்கையே சிரிக்கும். அத எழுதினவன் என்ட படி மிதிக்கேலா."

மரைக்கார் தொப்பியைச் சரிசெய்தார். "பாட்டுப் போட்டதுக்குக் கோவமில்ல?"

"இல்ல."

"அந்தக் கதைய வாசிச்சதுக்கு?"

"வாசிக்கிறது உத்தியோகம். குடுத்தத வாசிக்கத்தானே வேணும். எழுதினவனோடதான் எனக்கு வழக்கு."

"அவனோட மட்டும்?"

"அவனோட மட்டும்."

"வாக்கா?"

"வாக்குத்தான். இந்தா, மஜீட் சாட்சி."

சபூறா கண்ணை மூடிக்கொண்டாள். மற்றக் குற்றங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பெற்ற பிள்ளையை எழுதின குற்றத்தில் மாட்டி வைக்கிறாரே இந்த மனிசன் என்று நினைத்தாள்.

மரைக்கார் எழுந்து நின்றார். பள்ளிவாசலில் வழக்குத் தீர்க்கும் அதே குரலில் சொன்னார்:

"அப்ப கலியாணத்துக்கு நாளக் குறிங்க. பளீல் எழுதுறான் எண்டு ஊர் கதைக்கிறது சுத்தப் பொய். எழுதி அனுப்புறது நான்."