ராணியின் சிக்கு

"இந்தப் பூனைக்கு எத்தனை நாளாச் சீப்பு வைக்கல்ல?"

கலீலுர் றஹ்மான் போட்ட சத்தத்தில் பூரணம் குசினியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

கதிரையில் ராணி கிடந்தது. வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருசம், ஒரு ஒபிசரின் மனைவியான நோனா கண்ணீரும் கம்பலையுமாய் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன சடைப்பூனை. இப்போது தூக்கப் போனவர் கையைப் பிறாண்டிவிட்டு வீரிட்டது. முன்காலுக்கு அடியில் மயிரெல்லாம் திரண்டு, தோலோடு தோலாய் இறுகிக் கிடந்தது. காலை எடுத்து வைக்கிற நேரமெல்லாம் தோலை இழுத்தது.

"நேற்றுக் குளிப்பாட்டினனான் நானா. உங்களை வழியனுப்பச் சனம் வருமெண்டு..." பூரணம் இழுத்தாள்.

"தண்ணி போட்டியா? சிக்கில தண்ணி பட்டா இன்னும் இறுகிப்போகுமெண்டு அந்த நோனா படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாவே!"

நாளைக்கு அவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். இரவு மெயில் ரயிலில் கொழும்பு, அங்கிருந்து கப்பல். திரும்பி வர மூன்று மாதமாகும். ஒரு கிழமையாய்க் கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று வீடு வீடாய் ஏறி இறங்கி, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்டுவிட்டு வந்த மனுசன். கேட்ட வாய் காயுமுன்னே கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

கோபத்துக்கு உள்ளே இருந்தது பயம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. மூன்று மாதமும் மனைவி நஜ்முன் நிஸாவுக்குத் துணை, சல்லிக் கிராமத்திலிருந்து வந்து ஐந்து வருசமாய் வீட்டோடு நிற்கிற இந்தப் பூரணம்தான். ஒரு பூனையைப் பார்க்கத் தெரியாதவளை நம்பி மனைவியை எப்படி விட்டுப் போவது?

"ராணிக்கு நீதானே புள்ள வாரி விடுற?" என்று நிஸாவின் பக்கம் திரும்பினார்.

நிஸா வாய் திறக்குமுன் பூரணம் முந்திக்கொண்டாள்.

"ராத்தா என்னட்டத்தான் விட்டவ. நான்தான் கவனிக்கேல்லை."

நிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அவர் சிக்கின் மேல் பவுடரைக் கொட்டி விரலால் பிரித்துப் பார்த்தார். அசையவில்லை. பூனையைத் துவாயால் சுற்றி மடியில் அமுக்கிக்கொண்டார்.

"நிஸா, கத்தரிக்கோலை எடு. தோலுக்கும் சிக்குக்கும் நடுவில சீப்பைக் குடுத்து, சீப்புக்கு மேலால வெட்டு. உன்ட கைதான் இதுக்குப் பழக்கம். கொஞ்சம் பிசகினாலும் தோல் கடதாசி மாதிரிக் கிழிஞ்சிடும்."

நிஸா கத்தரிக்கோலை எடுத்தாள். மெல்லக் குனிந்தாள். கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

"விடுங்கோ ராத்தா!"

பூரணம் பாய்ந்து அதைப் பறித்தாள்.

"என்ன துணிச்சல்! வீட்டுக்காரிட கையில இருந்தே பறிக்கிறியா?"

"நான் வெட்டுறன் நானா. நீங்க இறுக்கிப் பிடியுங்கோ."

சண்டைக்கு நேரமில்லை, பூனை திமிறிக்கொண்டிருந்தது. பூரணம் சீப்பைச் செருகினாள். ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. அவளுடைய நெற்றி வியர்வை துவாயில் சொட்டியது. பாதிச் சிக்கு கழன்று வந்ததும் அவருக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து ராணி உதைத்தது. சீப்பு நழுவி விழுந்தது. அதை எடுத்துத் திரும்பச் செருக வேண்டியவள், அவசரத்தில் மிச்சச் சிக்கை விரலால் இழுத்துப் பிடித்து வெட்டிவிட்டாள். சிக்கோடு தோலும் எழும்பி வந்திருந்தது.

துவாயில் இரத்தம். ராணி அலறிக்கொண்டு பாய்ந்து அலுமாரிக்குக் கீழே போய்ப் பதுங்கியது.

கலீலுர் றஹ்மான் எழும்பினார்.

"போதும். உன்ட உடுப்பைக் கட்டிக்கொண்டு இப்பவே போ. என்ட தங்கச்சி ஸுல்பிகா கிண்ணியாவில இருந்து வந்து நிப்பா."

"நானா, நீங்க போனாப்பிறகு ராத்தா தனிய..."

"ஒரு கதையும் வேணாம்!"

நிஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இஞ்சாருங்க, அவளை அனுப்பாதீங்க. அவள் இல்லாட்டி எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

நிஸா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"இந்த இளகின மனசாலதான் அவள் உன்ட தலையில ஏறி இருக்கிறாள்," என்றார்.

பூரணம் உள்ளே போய், கையில் ஒரு பையோடு திரும்பி வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. நேரே நிஸாவிடம் போய், அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகையில் குரல் உடைந்தது.

"ராத்தா, கிணத்தடியில ரெண்டாம் படி உடைஞ்சிருக்கு, தனியப் போயிடாதீங்கோ. கிண்ணியாவில இருந்து அவ வந்த உடனே, இப்ப கொஞ்ச நாளா உங்களுக்குக் கண் தெரியாதெண்டதைச் சொல்லிப்போடுங்கோ. அறிஞ்சா நானா ஹஜ்ஜுக்குப் போகமாட்டாரெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினமாதிரி, அவவிட்டயும் வாங்கிப்போடாதீங்கோ."